மர விதைக்கு குளிர் கொடுக்கறது: டிஷ்யூவா, மணலா, வெளிய தொட்டியா?

சில மர விதைங்க கொஞ்ச நாள் குளிர்ல கிடந்தாதான் முளைக்கும். முதல் தடவ நான் எடுத்து வெச்ச ஆப்பிள் விதை எல்லாம் நல்லா காய வெச்சு ஒரு பேப்பர் கவர்ல போட்டு பிரிட்ஜ் கதவுல மூணு மாசம் இருந்துச்சு, எடுத்து தொட்டில போட்டேன், ஒண்ணு கூட வரல. குளிர் பத்தலயோன்னு நெனச்சு அடுத்த தடவ நாலு மாசம் வெச்சேன், அப்பவும் அதே கதை. குளிர்ல ஒரு தப்பும் இல்ல, ஈரம்தான் இல்லன்னு புரியறதுக்கு ரெண்டு வருஷம் போச்சு. காஞ்ச விதைய பிரிட்ஜ்ல வெச்சா அது வெறும் சேமிப்பு, விதை இன்னும் சொகமா தூங்கும், அவ்ளோதான். தண்ணி குடிச்சு உப்பின விதைக்குதான் குளிர் உறைக்கும்.

அதனால இப்ப யாராவது "எந்த முறை பெஸ்ட்"னு கேட்டா எனக்கு நேரா பதில் வர மாட்டேங்குது. எந்த முறைல வெச்சாலும் விதைக்கு வேணுங்கறது அதே குளிர்தான், 1 டிகிரிலேந்து 5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் எங்க நின்னாலும் வேலை நடக்கும். முறைக்கு முறை மாறறது வேற மூணு விஷயம். விதைய சுத்தி எவ்ளோ ஈரம் நிக்குது, எவ்ளோ காத்து போகுது, வேர் வெளிய வர்ற அன்னிக்கு அது உங்க கண்ணுல படுமா படாதா. இத வெச்சுதான் கீழ ஒவ்வொண்ணையும் பார்க்கறேன்.

அதுக்கு முன்னாடி உங்க கைல இருக்கற விதைக்கு குளிர் வேணுமான்னு முதல்ல பாருங்க, ஏன்னா நெறைய பேரு வேண்டாத விதைக்கெல்லாம் மூணு மாசம் பிரிட்ஜ்ல எடம் கொடுத்துட்டு இருக்காங்க. ஆப்பிள், பீச், செர்ரி, மேப்பிள்ல பல வகை, வால்நட், சில பைன், இதுக்கெல்லாம் உள்ள இருக்கற கருவே தூக்கத்துல இருக்கும். அப்சிசிக் ஆசிட்னு ஒரு ஹார்மோன் அத புடிச்சு வெச்சிருக்கும், ஈரத்தோட குளிர்ல கிடக்க கிடக்க அதோட பிடி தளரும், இன்னொரு பக்கம் ஜிப்பரெலின்ங்கற ஹார்மோனோட கை ஓங்கும், அப்பறம்தான் முளை. ஆனா சரக்கொன்றை, குல்மோகர், வேல மரம் மாதிரி விதைங்களுக்கு பிரச்சனை தோல்தான். தண்ணியே உள்ள போகாத அளவுக்கு கெட்டித் தோல், அத ஒரு ஓரமா உப்புத்தாள்ல தேய்ச்சு விட்டோ, இல்ல கொதிச்சு இறக்கின தண்ணிய ஊத்தி அது ஆறற வரைக்கும் ராத்திரி பூரா ஊற விட்டோ தோல திறந்தா போதும், குளிர் தேவையே இல்ல. சிலதுக்கு ரெண்டும் வேணும், ரெட்பட், லிண்டன் அந்த ரகம், தோல முதல்ல தேய்ச்சுட்டு அப்பறம் குளிர். ஐரோப்பிய ஆஷ் இன்னும் மோசம், அதுக்கு முதல்ல ரெண்டு மூணு மாசம் வெதுவெதுன்னு ஈரத்துல இருக்கணும், விதைக்குள்ள கரு இன்னும் முழுசா வளர்ந்திருக்காது, அது வளர்ந்த பெறகு ரெண்டு மூணு மாசம் குளிர்.

ஓக் கொட்டையும் செஸ்ட்நட்டும் தனி ஜாதி. இதுங்கள காய விட்டா செத்துடும், உறைய விட்டாலும் செத்துடும். வொயிட் ஓக் வகை கீழ விழுந்த சில நாள்லயே வேர் விட ஆரம்பிச்சுடும், அதுக்கு போய் குளிர் கொடுத்து எழுப்பணும்னு ஒண்ணும் இல்ல. ரெட் ஓக் வகைக்கு மட்டும் ஒண்ணுலேந்து மூணு மாசம் குளிர் வேணும். இலைய பாத்தாலே தெரியும், மடல் நுனி உருண்டையா இருந்தா வொயிட் ஓக் பக்கம், முள்ளு மாதிரி கூரா இருந்தா ரெட் ஓக் பக்கம். எல்லா ஓக்குக்கும் இது அச்சுல வார்த்த மாதிரி பொருந்தாது, ஆனா பெரும்பாலும் ஒத்து வரும்.

சரி, இப்ப முறைங்க.

டிஷ்யூ பேப்பர்ல சுத்தி ஜிப் கவர்ல போடறதுதான் எல்லாரும் மொதல்ல பண்றது. வீட்ல இருக்கற பொருள், அஞ்சு நிமிஷ வேலை, கவர வெளிச்சத்துல தூக்கி பிடிச்சா வேர் எட்டிப் பார்க்குதான்னு தெரியும். இந்த கடைசி விஷயம்தான் இதோட பெரிய பலம். பத்து பதினஞ்சு விதை, அதுவும் அரிய விதைன்னா நான் கூட டிஷ்யூதான் போடுவேன். ஆனா இதுல ஈரம் அளவா நிக்கறது கஷ்டம். கொஞ்சம் அதிகமா நனைச்சா விதைய சுத்தி தண்ணி ஒரு படலம் மாதிரி ஒட்டிக்கிட்டு காத்து போகாது, விதை மூச்சு முட்டி அழுகும். கம்மியா நனைச்சா மூணாவது வாரம் ஓரம் எல்லாம் காஞ்சு கெடக்கும், நீங்க கவனிக்கற வரைக்கும் விதையோட கணக்கு அப்படியே நின்னு போயிடும். நாலு மாசம் ஆகற விதைக்கு டிஷ்யூ நைஞ்சு கூழாயிடும், பூஞ்சணம் ஒரு விதைலேந்து அடுத்த விதைக்கு பேப்பர் வழியாவே நடந்து போகும். வேர் வந்ததும் பேப்பர் நாருக்குள்ள பூந்துடும், பிரிச்சு எடுக்கும்போது நுனி ஒடியும், மர நாத்துக்கு முதல் வேர் நுனி ஒடிஞ்சா சாகாது ஆனா பின்தங்கிடும். ஒடைஞ்சுடும்னு தோணினா அந்த பேப்பரோடயே கிழிச்சு நட்டுடுங்க, மண்ணுல அது மக்கிடும்.

அடுத்தது மணல், இல்ல கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), இல்ல வெர்மிகுலைட் (சூடாக்கி உப்ப வெச்ச லேசான தாதுத் துணுக்கு). இப்படி ஈரத்தோட குளிர் கொடுக்கறதுக்கு ஸ்டிராட்டிஃபிகேஷன்னு பேரு, அந்த பேரே இதுலேந்துதான் வந்துச்சு, பொட்டில ஒரு அடுக்கு மணல், ஒரு அடுக்கு விதை, மறுபடி மணல்னு அடுக்கு அடுக்கா வெப்பாங்க. எனக்கு இதுதான் முதல் சாய்ஸ், அத மறைச்சு நடுநிலையா எழுதற மாதிரி நடிக்க விரும்பல. விதை மாதிரி மூணு நாலு பங்கு அளவு மீடியம், அதாவது அந்த மணலோ கோகோபீட்டோ வெர்மிகுலைட்டோ எடுத்து, கைல அள்ளி இறுக்கி பிழிஞ்சா ரெண்டு சொட்டுக்கு மேல தண்ணி வரக்கூடாது, அந்த ஈரத்துல விதைய கலந்து மெல்லிசான கவர்ல கொஞ்சம் காத்தோட மூடி வெச்சா நாலு மாசம் கூட பெருசா தொட வேண்டியதில்ல. மெல்லிய பாலித்தீன்ங்கறது முக்கியம், அது வழியா தண்ணி போகாது, காத்து மெதுவா போயிட்டு வரும். கெட்டியான டப்பால இறுக்கி மூடினா வாரம் ஒரு தடவ திறந்து மூடணும், மறந்தா உள்ள ஒரு மாதிரி புளிச்ச வாடை வரும், அது வந்துட்டா பாதி விதை போச்சுன்னு அர்த்தம்.

மூணு மீடியத்துக்குள்ளயும் வித்தியாசம் இருக்கு. மணல் கனம், ஆனா பெரிய கொட்டைக்கு அருமை, சுத்தமா கழுவின மணல்ல பூஞ்சணத்துக்கு தின்ன ஒண்ணும் இருக்காது. கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பு விதைக்கு ஆகாது. கோகோபீட் ஈரத்த நல்லா புடிக்கும், சில சமயம் அதுலயும் உப்பு இருக்கும், ரெண்டு தடவ அலசி பிழிஞ்சுட்டு போடுங்க. வெர்மிகுலைட் காத்தையும் ஈரத்தையும் சேர்த்து புடிக்கும், சின்ன விதைக்கு நான் அதத்தான் எடுப்பேன். ஒரே குறை, விதை எங்க இருக்குன்னே தெரியாது. பழுப்பு கோகோபீட்குள்ள பழுப்பு விதைய தேடறது இருக்கே, அதுக்கு தனி பொறுமை வேணும், அதனால எத்தன விதை உள்ள போட்டோம்னு கவர் மேலயே எண்ணி எழுதி வெச்சுடறது நல்லது. ஏன் இத சொல்றேன்னா, ஒரு தடவ எண்ணாம விட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சு மிச்ச கோகோபீட்ட வேற தொட்டில கொட்டி, ரெண்டு மாசம் கழிச்சு தக்காளி செடிக்கு பக்கத்துல மேப்பிள் நாத்து நின்னுச்சு.

மூணாவது, எதுவுமே போடாம வெறும் விதையா வெக்கறது. வன நர்சரிங்கள்ல டக்ளஸ் ஃபிர், பைன் மாதிரி ஊசியிலை விதைங்கள இப்படித்தான் பண்றாங்க. ஒரு நாளோ ரெண்டு நாளோ தண்ணில ஊற வெச்சு, வடிகட்டி, மேல்தோல்ல மினுமினுப்பு போற வரைக்கும் காத்தாட விட்டு, அப்படியே கவர்ல போட்டு குளிர்ல. இடம் கம்மி, தேடற வேலை இல்ல, விதைய கைல உருட்டி பார்க்கலாம். ஆனா ஈரத்துக்கு இருப்பு கிடையாது, விதைக்குள்ள இருக்கற தண்ணிதான் மொத்தமும், அதனால மூணு வாரம், ஆறு வாரம் போதும்ங்கற விதைக்கு சரி. பீச்சு கொட்டைக்கு மூணு நாலு மாசம் இப்படி வெச்சா நடுவுல காஞ்சுடும்.

வெளிய தொட்டில போட்டு குளிர்காலத்துக்கே விட்டுடறதுதான் எல்லாத்தவிட பழசு. குளிர்காலம்னு ஒண்ணு நெஜமாவே வர்ற இடத்துல இருந்தா மட்டும்தான் இது பேச்சு, ராத்திரி வெப்பம் வாரக்கணக்கா 10 டிகிரிக்கு கீழ இறங்காத இடம்னா இந்த பத்தியவே தாண்டிடுங்க. இலையுதிர் காலத்துல மண்ணு கலவைல விதைச்சு, மேல கம்பி வலை போட்டு, நெழல்ல வெச்சா மழையும் பனியும் வேலைய பாத்துக்கும். நூறு இருநூறு விதைன்னா, இல்ல ஆஷ் மாதிரி சூடு குளிர் ரெண்டும் மாறி மாறி கேக்கற விதைன்னா பிரிட்ஜ்ல போராடறதுக்கு இதுவே மேல். முளைச்சு வர்ற நேரமும் வெளி வெப்பத்தோட ஒத்துப் போகும், முளைச்ச எடத்துலயே இருக்கறதால வேர புடுங்கி நடற வேலையும் இல்ல.

கம்பி வலைய நான் ஏதோ அலங்காரத்துக்கு சொல்லல. எலியும் அணிலும் ஓக் கொட்டை, வால்நட் வாசனைய மண்ணுக்கடியிலயும் கண்டுபிடிக்கும், ஒரே ராத்திரில தொட்டி காலி. வலைய தொட்டி அடி வரைக்கும் சுத்தி கட்டணும், மேல மட்டும் போட்டா பக்கவாட்டுல மூக்க நுழைக்கும். அப்பறம் சின்ன தொட்டின்னா கடுங்குளிர்ல முழுசா உறைஞ்சு போகும், தரைல பாதி புதைச்சு வெச்சா மண்ணோட சூடு கொஞ்சம் காப்பாத்தும். உறையறதாலதான் விதை திறக்குதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. கரு முழிக்கறதுக்கு தேவை உறைநிலைக்கு கொஞ்சம் மேல இருக்கற குளிர்தான். ஈரமான விதைய ஃப்ரீஸர்ல போடறது அத கொல்றதுக்கு சமம், பிரிட்ஜ்லயும் பின் சுவர ஒட்டி வெக்காதீங்க, சில பிரிட்ஜ்ல அந்த எடம் உறையும். வெளிய வெக்கறதுல இன்னொரு தலைவலி, எது எப்ப வரும்னே சொல்ல முடியாது. பாதி இந்த வசந்தத்துல வரும், மிச்சம் அடுத்த வருஷம் வரும், தொட்டிய அவசரப்பட்டு கொட்டினவங்க நெறைய.

குளிரே வேண்டாம், குறுக்கு வழி இருக்கான்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டுமே எனக்கு அரைமனசுதான்.

ஒண்ணு ஜிப்பரெலிக் ஆசிட், முன்னாடி சொன்ன ஜிப்பரெலின் வகைல ஒண்ணு. இதோட கதை சுவாரசியம், ஜப்பான்ல நெல் நாத்து ஒல்லியா உயரமா வளர்ந்து சாயற ஒரு நோய் இருந்துச்சு, அதுக்கு காரணமான பூஞ்சை வெளிய விடற ஏதோ ஒரு பொருள்தான் நாத்த இழுத்து நீட்டுதுன்னு குரோசாவாங்கற விஞ்ஞானி 1926ல காட்டினார், யபுட்டாங்கற இன்னொரு விஞ்ஞானி 1935ல அதுக்கு ஜிப்பரெலின்னு பேரு வெச்சார். விதைக்குள்ள குளிர் பண்ற வேலைல ஒரு பங்க இது வெளிலேந்து செஞ்சு கொடுக்கும். பவுடர் தண்ணில லேசுல கரையாது, கொஞ்சம் ஆல்கஹால்ல கரைச்சுட்டு அப்பறம் தண்ணி ஊத்தணும். 100 மில்லி தண்ணிக்கு 50 மில்லிகிராம்னா 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500 பங்கு), அதுல ஒரு நாள் ஊற வெக்கறது பரவலா பண்ற அளவு. ஆனா எல்லா மரத்துக்கும் இது குளிருக்கு முழு மாற்று ஆகாது, கெட்டித் தோல் விதைக்குள்ள மருந்தே போகாது, அளவு கூடினா அந்த நெல் நாத்து மாதிரியே உங்க மர நாத்தும் நூல் மாதிரி நீண்டு சாயும். மில்லிகிராம் காட்டற தராசு வீட்ல இல்லாம 50 மில்லிகிராம கண்ணளவுல போடறவங்கள பாத்திருக்கேன், அப்பறம் மருந்த குறை சொல்லி என்ன பண்றது.

இன்னொண்ணு கொட்டைய உடைச்சு, உள்தோலையும் உரிச்சு, பருப்ப மட்டும் ஈர டிஷ்யூல வெக்கறது. பீச், ஆப்பிள் ரெண்டுலயும் இப்படி குளிர் கொடுக்காமலே முளை வர வைக்கலாம், வீடியோ எடுக்க நல்லா இருக்கும். பிரச்சனை அதுக்கு அப்பறம்தான். குளிர் பாக்காத கருலேந்து வர்ற நாத்து பல சமயம் குள்ளமா, கணுவுக்கு கணு இடைவெளியே இல்லாம, இலை எல்லாம் கொத்தா சுருண்டு நிக்கும். குறை விதைல இல்ல, தூக்கம் பாதி கலைஞ்ச நிலைல எழுப்பினதால வர்றது, அந்த நாத்துக்கே அப்பறம் குளிர் கொடுத்தா நேராகும். அப்ப எப்படியும் குளிர் கொடுக்கத்தான் போறோம், மொதல்லயே கொடுத்துட்டா என்ன? நடுவழியா ஒண்ணு இருக்கு, கெட்டி ஓட்ட மட்டும் உடைச்சு பருப்ப முழுசா தோலோட எடுத்து, அத குளிர்ல வெக்கறது. பீச், செர்ரிக்கு இது நல்லாவே வேலை செய்யும், பருப்புல கீறல் விழுந்தா மட்டும் பூஞ்சணம் அங்கதான் மொதல்ல உக்காரும்.

பூஞ்சணம்னு வந்ததும் சொல்லிடறேன், அது எந்த முறைலயும் வரும், டிஷ்யூல கண்ணுக்கு தெரியுது, மணல்ல தெரியல, அவ்ளோதான். உயிரோட இருக்கற விதை பெரும்பாலும் தாங்கும், செத்த விதையும் பழச்சதை ஒட்டின விதையும்தான் அதுக்கு சாப்பாடு. அதனால மருந்தவிட முக்கியம் மொத நாள் கழுவறது, சதை ஒரு துணுக்கு கூட இல்லாம. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட்ல கொஞ்ச நேரம் போட்டு அலசினா இன்னும் நல்லது. நடுவுல வெள்ளையா ஏதாவது படர்ந்தா விதைய அலசி புது மீடியத்துக்கு மாத்துங்க, அழுத்தி பாத்தா மெத்துனு இருக்கறத மட்டும் தூக்கி போடுங்க, கெட்டியா இருந்தா விடுங்க. தண்ணில மெதக்குதா மூழ்குதான்னு பாக்கற சோதனை ஓக் கொட்டை மாதிரி பெருசுக்கு ஓரளவு சரி, எறக்கையும் காத்து அறையும் இருக்கற சின்ன விதைக்கு அத நம்பி கொட்டிடாதீங்க. சந்தேகம்னா நாலஞ்சு விதைய குறுக்க வெட்டி பாருங்க, உள்ள வெள்ளையா முழுசா இருந்தா மிச்சத்துக்கு குளிர் கொடுக்கறதுல அர்த்தம் இருக்கு. மேப்பிள்ல உள்ள ஒண்ணுமே இல்லாத வெத்து விதை நெறைய வரும், வெட்டி பாக்காம மூணு மாசம் காத்திருந்தவன் நான்.

நாள் கணக்கு தோராயமா சொல்லணும்னா ஆப்பிளுக்கு ரெண்டு ரெண்டரை மாசம், ஜப்பானிய மேப்பிளுக்கு மூணு நாலு, பீச்சுக்கும் கருப்பு வால்நட்டுக்கும் மூணு நாலு, டக்ளஸ் ஃபிர்க்கு மூணுலேந்து ஆறு வாரம். பிர்ச்சுக்கு வெளிச்சம் கெடச்சாலே குளிரோட தேவை கொறையும், அத மண்ணுக்கு மேல தூவணும், மூடக்கூடாது. சுகர் மேப்பிள் ஒரு விசித்திரம், அது பிரிட்ஜ் குளிர்லயே 1, 2 டிகிரிலயே முளை விட்டுடும், அத டிஷ்யூலயோ, இல்லன்னா வெளிச்சம் ஊடுருவற கவர்ல வெர்மிகுலைட்லயோ வெச்சு ரெண்டாவது மாசத்துலேந்து வாரா வாரம் பாக்கணும், மறந்தா கவருக்குள்ளயே வெளுத்துப் போன நாத்து சுருண்டு கிடக்கும்.

எப்ப ஆரம்பிக்கறதுன்னா பின்னாலேந்து எண்ணுங்க. கடைசி உறைபனி முடிஞ்சு நாத்த வெளிய வெக்கப் போற நாள்லேந்து தேவையான வாரத்த கழிச்சா அதுதான் ஊற போடற நாள். பிரிட்ஜ்ல வெக்கறவங்க பெரும்பாலும் இங்கதான் மாட்டிக்கறாங்க, விதை கைல கெடச்ச அன்னிக்கே ஊற போட்டு, நடு குளிர்காலத்துல வேர் வந்து, வெளிச்சம் பத்தாத ஜன்னல்ல நாத்து நீண்டு சாயும். இதுல வெளிய தொட்டி தானா ஜெயிக்குது.

வெளிய எடுத்த பெறகு நேரா சூடான எடத்துல வெக்காதீங்க. குளிர் முடிஞ்ச ஆப்பிள் மாதிரி விதைய திடீர்னு 25, 30 டிகிரிக்கு கொண்டு போனா அதுல சிலது மறுபடி தூங்கிடும், மூணு மாசம் வீண். 15லேந்து 20 டிகிரி போதும். வேர் அரை சென்டிமீட்டர் வந்ததுமே ஆழமான தொட்டிக்கு மாத்துங்க, ஓக், வால்நட்டோட ஆணிவேர் இலை வர்றதுக்கு முன்னாடியே ஒரு சாண் எறங்கிடும். மேல்மண்ணு சதா சொதசொதன்னு இருந்தா தண்டு தரைமட்டத்துல கருத்து மடங்கி விழும், நாத்தழுகல், அது வந்தா அந்த நாத்துக்கு வைத்தியம் கிடையாது. அடிலேந்து தண்ணி கொடுத்து மேல காத்தாட விட்டா போதும்.

அப்ப உங்க கேஸுக்கு எதுன்னு கேட்டா, பத்து விதையும் வாரா வாரம் திறந்து பாக்கற ஆர்வமும் இருந்தா டிஷ்யூ. முப்பது நாப்பது விதை, அடிக்கடி பாக்க நேரம் இல்லன்னா வெர்மிகுலைட்டோ கோகோபீட்டோ, பெரிய கொட்டைன்னா மணல். ஊசியிலை மரம், குறுகிய நாள்னா வெறும் விதை. நூத்துக்கு மேல, வெளிய நெஜ குளிர் இருக்கு, வலை கட்ட தெம்பு இருக்குன்னா தொட்டி. ஒரே மரத்து விதை நெறைய கெடச்சா நான் பாதிய வெர்மிகுலைட்ல பிரிட்ஜ்லயும் பாதிய வெளிய தொட்டிலயும் வெப்பேன், எலி ஒரு பக்கம் தின்னாலும் இன்னொரு பக்கம் நிக்கும்.

குளிர்காலமே இல்லாத எடத்துல இருக்கறவங்க மட்டும் ஊற போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. விதைக்கு மூணு மாசம் பிரிட்ஜ் கொடுத்துடலாம், ஆனா ஆப்பிளும் செர்ரியும் மரமான பெறகும் வருஷா வருஷம் குளிர் கேக்கும், அது கெடைக்கலன்னா மொட்டு சரியா திறக்காது, மரம் வருஷத்துக்கு வருஷம் சோர்ந்து போகும், அத பிரிட்ஜ்ல வெக்க முடியாது. சும்மா முளைக்கறத பாக்கற ஆசைக்குன்னா தாராளமா பண்ணுங்க, நானும் அப்படி பண்ணினவன்தான், கவர் மேல மரத்து பேரையும் தேதியையும் பென்சில்ல எழுத மறக்காதீங்க, மார்க்கர் மை பிரிட்ஜ் ஈரத்துல அழிஞ்சு போய் எது செர்ரி எது ஹாத்தார்ன்னு தெரியாம ரெண்டு கவர் இப்பவும் என் பிரிட்ஜ்ல கெடக்கு.